நூலைப் போலச் சேலையா? – குடிப்பழக்கமும் பரம்பரையும்

மம்சாபுரத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்திற்குள் சென்றடையக்கூடிய ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுக் கூட்டத்திற்குச் சில மாதங்களுக்கு முன் நான் செல்ல நேர்ந்தது. சங்கத்தின் பெயர் இங்கே வேண்டுவதில்லை. அன்றைய நிகழ்ச்சி நிரலில் கடைசிப் பொருள் ஒரு கடன் மனு. மனுதாரர் முப்பத்திரண்டு வயதுள்ள அங்கத்தினர். வீட்டில் இரண்டாவது தறி ஒன்று போட விரும்பிப் பணம் கேட்டிருந்தார். அவருடைய கூலிக் கணக்கில் குறை இல்லை. சிக்கனச் சேமிப்பு நிதிக்குச் செலுத்துவதில் ஒரு மாதமும் தவறியதில்லை. ஜாமீன்தாரர் இருவரும் கையெழுத்திட்டிருந்தனர். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று எண்ணி என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்பொழுது குழுவில் மூத்தவரான ஒருவர், “இவன் தகப்பனுக்குக் கொடுத்த கடன் என்ன ஆயிற்று என்பது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கிறதா?” என்று கேட்டார். எல்லோருக்கும் நினைவிருந்தது. தகப்பனார் குடித்தே மாண்டவர். அவர் பெயரிலிருந்த பாக்கியை வசூலிக்கச் சங்கம் எட்டு ஆண்டு அலைந்தது. பாட்டனாரும் அப்படியே என்று மற்றொருவர் எடுத்துக் கொடுத்தார். “பையன் இன்றைக்குக் குடிக்காமல் இருக்கலாம். இரத்தத்தில் ஊறியது எங்கே போகும்? தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை” என்று பெரியவர் சொல்லி முடித்தார். மனு அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது.

தகப்பனின் பழக்கம் மகனுடைய கடனுக்குத் தடை என்று சங்கத்தின் துணை விதிகளில் எங்கும் இல்லை என நான் கூறினேன். சட்டப்படி அது சரியான விடைதான். ஆனால் பெரியவர் கேட்டது சட்டம் பற்றிய கேள்வி அன்று. குடி என்பது பிறப்பிலேயே வருகிறதா என்பதே அவர் கேள்வி. அதற்கு அன்று என்னிடம் விடை இல்லை. அடுத்த கூட்டம் வருவதற்குள் படித்தும் விசாரித்தும் நான் தெரிந்துகொண்டவற்றை மற்றச் சங்கங்களின் அங்கத்தினர்களும் அறிவது நலம் என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன். இதே ஆட்சேபத்தை இதற்கு முன்பும் வேறு இடங்களில் நான் கேட்டதுண்டு; கடன் மனுவில் மட்டுமன்று, பெண் கொடுப்பதிலும் கேட்டிருக்கிறேன்.

பெரியவர் சொன்னது முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. குடிநோய் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதை நாம் கண்ணால் காண்கிறோம். ஆயினும் தகப்பன் மகனுக்குக் கொடுப்பவை இரண்டு. ஒன்று உடல், மற்றொன்று வீடு. குடிக்கும் தகப்பனின் வீட்டில் வளரும் பிள்ளை சிறு வயதிலேயே பாட்டிலைக் காண்கிறான், கடைக்கு ஓடுகிறான், அடியும் பட்டினியும் அறிகிறான். அவன் பின்னாளில் குடித்தால், உடலால் வந்த வினையா, வீட்டால் வந்த வினையா என்று எவ்வாறு பிரித்தறிவது?

இதைப் பிரித்தறிய ஒரு வழியை டென்மார்க் நாட்டில் கண்டார்கள். அங்கே தத்துக் கொடுக்கப்படும் குழந்தைகளின் விவரங்கள் பதிவேடுகளில் ஒழுங்காகக் காக்கப்பட்டு வந்தன. (பதிவேடுகளை ஒழுங்காக வைத்திருப்பதன் பயன் எத்தனை தலைமுறைக்குப் பின் தெரியவரும் என்பதைச் சங்கச் செயலாளர்கள் கவனிக்கலாம்.) குட்வின் என்னும் அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய துணைவர்களும், குடிநோயாளியான பெற்றோருக்குப் பிறந்து, ஆறு வாரத்திற்குள் வேறு வீட்டுக்குத் தத்துப் போய் வளர்ந்த 55 ஆண்களைத் தேடிப் பிடித்தனர். குடிநோய் இல்லாத பெற்றோருக்குப் பிறந்து அவ்வாறே தத்துப்போன 78 ஆண்களையும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டனர். 1973-ஆம் ஆண்டு வெளியான முடிவு இது: முதல் கூட்டத்தில் 10 பேர் குடிநோயாளிகள், இரண்டாவது கூட்டத்தில் 4 பேர். நூற்றுக்கு 18, நூற்றுக்கு 5. பெற்ற தகப்பனின் முகத்தையே அறியாத பிள்ளைகளிடமும் ஆபத்து ஏறக்குறைய நான்கு மடங்காக இருந்தது.

இதை முதன்முறை படித்தபொழுது பெரியவர் வென்றுவிட்டார் என்றே எண்ணினேன். சற்று நேரம் கழித்துத்தான் அதே கணக்கை மறுபக்கத்திலிருந்து பார்க்கத் தோன்றியது. குடிநோயாளிக்குப் பிறந்த 55 பேரில் 45 பேர் குடிநோயாளி ஆகவில்லை. கடன் கொடுக்கும் சங்கத்தின் கண்ணில் முதலில் படவேண்டிய எண் 45 அன்றோ?

இரட்டைக் குழந்தைகளை வைத்தும் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்க்கு மரபணுக்கள் ஒன்றே. தனித்தனிக் கருவில் தோன்றிய இரட்டையர் மற்ற உடன்பிறந்தாரைப் போலப் பாதிதான் பொதுவாகப் பெற்றிருப்பர். முதல் வகை இரட்டையரிடையே குடிப்பழக்கத்தில் ஒற்றுமை கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதலுக்குக் காரணம் பரம்பரை எனலாம். பல நாடுகளில் நடந்த இத்தகைய ஆராய்ச்சிகளையும் தத்துப் பிள்ளைகள் பற்றிய ஆராய்ச்சிகளையும் ஒன்றுசேர்த்து 2015-இல் கணக்கிட்டுப் பார்த்ததில், குடிநோயில் பரம்பரையின் பங்கு ஏறக்குறையப் பாதி என்று கண்டனர்.

இந்தப் ‘பாதி’ என்னும் சொல் பெரிய குழப்பத்தை விளைவிக்கிறது. குடிகாரன் மகன் பாதிக் குடிகாரன் என்று அதற்குப் பொருள் அன்று. பருத்தி பயிரிடும் அங்கத்தினர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, எஸ்.வி.பி.ஆர். என்று தொடங்கும் பெயருள்ள ரகங்கள் அங்கே உருவானவை. ஒரு ரகத்தைச் சோதிக்க வேண்டுமானால் வயலைப் பல பாத்திகளாகப் பிரித்து, வெவ்வேறு ரகங்களை விதைத்து, பாத்திக்குப் பாத்தி விளைச்சலை எடை போடுவார்கள். ஒரு பாத்திக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு விதையால் வந்தது. ஒரு பங்கு மண், நீர், உரம், பூச்சி இவற்றால் வந்தது. விதையின் பங்கு பாதி என்று ஒரு வயலில் கண்டால், அது அந்த வயலின் எல்லாப் பாத்திகளையும் சேர்த்துச் சொன்ன கணக்கு. ஒரு செடியிலிருந்து ஒரு காயைப் பறித்து, இதில் இந்தப் பக்கம் விதையால் விளைந்தது, அந்தப் பக்கம் நீரால் விளைந்தது என்று ஒருவராலும் பிரிக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவாக நீரும் உரமும் கொடுத்துவிட்டால், எஞ்சிய வித்தியாசத்தில் விதையின் பங்கு உயர்ந்து தோன்றும். ஒரே விதையை எங்கும் விதைத்தால் வித்தியாசம் முழுவதும் மண்ணுடையதாகிவிடும். ஆகவே பாதி என்பது இயற்கை விதித்த மாறாத எண் அன்று; காலமும் இடமும் மாறினால் அதுவும் மாறும்.

நம் மாநிலத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1937 அக்டோபரில் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971-இல் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது. பிறகு சில முறை மூடியும் திறந்தும், 2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடைகளையும் அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்தி வருகிறது. மதுவிலக்குக் காலத்தில் யாரும் குடிக்கவில்லை என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. கள்ளச் சாராயம் காய்ச்சிய கதைகளை நம் மலையடிவார ஊர்களின் முதியோர் நன்கு அறிவர். ஆனால் அந்நாளில் குடிப்பவன் தேடிப் போய்க் குடித்தான். இன்று அவன் வேலைக்குப் போய்வரும் வழியிலேயே கடை இருக்கிறது. பாட்டனிடம் இருந்த மரபணுக்களே பேரனிடமும் இருக்கின்றன. இரண்டு மூன்று தலைமுறையில் ஓர் ஊரின் மரபணுக்கள் மாறிவிடுவதில்லை. கரையில் பலவீனமான இடம் உள்ள கண்மாய், வெள்ளம் வராத ஆண்டில் உடையாமலே இருந்துவிடும். அதைப் பார்த்து அந்தக் கரை பலமானது என்றும் சொல்ல முடியாது.

இனி, அப்படிப் பரம்பரையாக வருவதுதான் என்ன? குடிக்கென்று தனியே ஒரு மரபணு இருக்கிறதா என்று பலர் கேட்கின்றனர். இல்லை. பத்து லட்சத்திற்கு மேற்பட்ட மக்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2023-இல் வெளியான அறிக்கையில், குடியால் வரும் தொல்லையோடு தொடர்புள்ளவை என்று 110 இடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் வலிமையும் மிகச் சிறிது. அங்கே ஆராயப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வழியினர். எனவே எச்சிலை அனுப்பினால் குடிகாரனாவாயா என்று சொல்கிறோம் என யாரேனும் நம்மிடம் பணம் கேட்டால், கொடுக்க வேண்டியதில்லை.

வலிமை மிகுந்ததாகத் தெளிவாய்த் தெரிந்த மரபணு வேறுபாடு ஒன்றிரண்டே. அவை குடியைத் தூண்டுபவை அல்ல, தடுப்பவை. நாம் அருந்தும் மது கல்லீரலில் இரண்டு படியாகச் சிதைகிறது. முதற்படியில் அது அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப் பொருளாகிறது. இரண்டாம் படியில் அந்த நஞ்சு தீங்கற்ற பொருளாக மாறுகிறது. ஒவ்வொரு படிக்கும் உடலில் ஒரு நொதி வேலை செய்கிறது. சீனா, ஜப்பான், கொரியா நாட்டினரில் பலருக்கு இரண்டாவது நொதி பிறவியிலேயே வேலை செய்வதில்லை. அவர்கள் ஒரு வாய் குடித்தாலும் நஞ்சு உடலில் தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டல் வரும். பிறகு குடிக்க யாருக்கு மனம் வரும்? நம் நாட்டில், வடகிழக்குப் பகுதி நீங்கலாக, இந்த வேறுபாடு மிக அரிது.

குடியை நிறுத்துவதற்காக மருத்துவர் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை இந்தப் பிறவிக் குறையையே செயற்கையாக உண்டாக்குகிறது. 1948-இல் கோபன்ஹேகனில் ஹால்டு, யாக்கோப்சன் என்னும் இருவர் இதை வெளியிட்டனர். அவர்கள் தேடியது குடலில் உள்ள புழுவைக் கொல்லும் மருந்து, கிடைத்தது இது. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கணவனுக்குத் தெரியாமல் சோற்றில் மருந்து கலந்து கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அம்மருந்து உடலில் இருக்கும்பொழுது அவர் அறியாமல் குடித்துவிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவரறிய, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்கத் தக்கது.

ஜப்பானைப் பற்றி இன்னும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். இந்த ஆராய்ச்சிகளில் என்னை மிகவும் நின்று சிந்திக்க வைத்தது அதுதான். மேற்சொன்ன பாதுகாப்பு மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர் குடிநோயாளி ஆவது இல்லை என்றே சொல்லிவிடலாம். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்குப் பாதுகாப்பு ஓரளவே. ஹிகுச்சி என்னும் மருத்துவரின் குழு 1,300 ஜப்பானியக் குடிநோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தது. இந்த அரைப் பாதுகாப்பு உடையவர்கள் 1979-இல் குடிநோயாளிகளில் நூற்றுக்கு 2.5 பேராக இருந்தனர். 1986-இல் 8 பேர். 1992-இல் 13 பேர். பதின்மூன்று ஆண்டில் மரபணு மாறவில்லை. வேலை முடிந்தபின் உடன் பணிபுரிவோரோடு சேர்ந்து குடிக்கவேண்டும் என்ற வழக்கம் வலுத்த நாட்டில், உடல் வேண்டாம் என்று முரண்டியும் மனிதர்கள் குடித்துக் குடிநோயாளி ஆயினர். நல்ல நூல் கிடைத்தும் தறியில் சேலை கெட்டதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

மற்ற மரபணுக்கள் பெரும்பாலும் மூளையின் போக்கோடு தொடர்புடையவை. இத்துறையில் நமக்கு அண்மையிலேயே பெங்களூர் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தில் நல்ல ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நிம்ஹான்ஸ் என்றால் எல்லோர்க்கும் தெரியும். அங்கே மருத்துவர் விவேக் பெனகலும் அவருடைய துணைவர்களும் குடிநோயாளிகளின் நெருங்கிய ஆண் உறவினரைச் சோதித்து 1995-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஒரே மாதிரியான ஒலிகளுக்கிடையே திடீரென்று ஒரு மாறுபட்ட ஒலி கேட்டால், ஏறக்குறைய மூன்றில் ஒரு விநாடிக்குள் மூளையில் ஒரு மின்னலை எழும். தலையில் மின்வாய்களை ஒட்டி அதை அளக்கலாம். குடும்பத்தில் குடிநோயின் சுமை ஏற ஏற, அவ்வலையின் உயரம் குறைந்து காணப்பட்டது. 2007-இல் வெளியான மற்றொரு ஆராய்ச்சியில், குடிநோய்க் குடும்பங்களைச் சேர்ந்த, ஆனால் தாம் இன்னும் குடிக்கத் தொடங்காத இளைஞர்களின் மூளையைப் படம் எடுத்தனர். சில பகுதிகள் மற்ற இளைஞர்களுடையவற்றைவிடச் சராசரியில் சிறியனவாக இருந்தன. அவற்றோடு பொறுமையின்மை, எண்ணிப் பாராமல் செய்யும் அவசரம் ஆகிய குணங்களும் சேர்ந்து காணப்பட்டன.

ஆகப் பிறப்பில் வருவது சாராயத்தின் மேல் ஆசை அன்று. பொறுத்திருக்க மாட்டாத ஒரு சுபாவம் வருகிறது எனலாம். அச்சுபாவம் உடையவன் சாராயத்தைக் காணாவிட்டால் வேறு எதிலேனும் பாய்வான்; சில சமயம் அது நல்ல காரியமாகவும் இருந்துவிடும். வயது ஏறும்பொழுது இந்த வித்தியாசம் குறைகிறது என்பதற்கும் அவர்கள் ஆராய்ச்சியில் அறிகுறி இருந்தது. குறை என்பதைவிடத் தாமதம் என்று அதைச் சொல்லலாம் என்பது அவர்கள் கருத்து. பருவம் தவறிக் காய்க்கும் மரத்தைக் காய்க்காத மரம் என்று வெட்டிவிடுவதில்லையே.

நம் ஊர்களில் பெருமையாகப் பேசப்படும் ஒன்றை அடியோடு தலைகீழாக்கும் ஆராய்ச்சி ஒன்று உண்டு. “அவர் எவ்வளவு குடித்தாலும் நிதானம் தவறமாட்டார், நடையில் தள்ளாட்டம் இருக்காது” என்று சிலரைப் பற்றிச் சொல்வார்கள். அப்படிப்பட்டவர்க்கு ஆபத்து இல்லை என்று நம்புகிறோம். அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் ஷக்கிட் என்னும் மருத்துவர், இருபது வயதையொட்டிய இளைஞர்களுக்கு அளந்து மது கொடுத்து, அவர்கள் உடல் எவ்வளவு ஆடுகிறது, எவ்வளவு போதை உணர்கிறார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டார். ஏறக்குறையப் பத்து ஆண்டு கழித்து அவர்களை மறுபடி தேடிச் சென்றார். குடிநோயாளிகளின் மகன்களில், அன்று போதை எளிதில் ஏறியவர்களுள் நூற்றுக்கு 14 பேர் குடிநோய்க்கு ஆளாகியிருந்தனர். அன்று போதை ஏறாமல் தாங்கியவர்களுள் நூற்றுக்கு 56 பேர். காரணம் விளங்கக்கூடியதே. இரண்டு கோப்பையில் தலை சுற்றுபவன் இரண்டோடு நிறுத்துகிறான். ஆறு கோப்பைக்குப் பிறகும் ஒன்றும் தெரியாதவனுக்கு நிறுத்தச் சொல்லும் மணி அடிப்பதே இல்லை. தாங்கும் திறம் பெரும்பாலும் பிறவியில் வருவது. தாங்குபவனே அதிகம் அஞ்ச வேண்டியவன்.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் தாய்மாமன்மார் இருவர். இருவரும் ஒரே வீட்டில் ஒரே தட்டில் உண்டு வளர்ந்தவர்கள். இளையவர் நாற்பத்தாறு வயதில் ஈரல் கெட்டு மறைந்தார். மூத்தவர் தொட்டதே இல்லை. நான் கல்லூரியில் படித்த நாளில் விடுதி நண்பர்கள் வற்புறுத்த ஒரு முறை குடித்தேன். அவர்கள் மூவரும் படுத்துவிட்டார்கள். நான் மட்டும் எழுந்து, அறையைக் கழுவிவிட்டு, மறுநாள் தேர்வுக்கும் படித்தேன். “உனக்கு நல்ல உடம்படா” என்று நண்பர்கள் கொண்டாடினர். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். பிறகு நான் குடிக்காமல் இருந்ததற்குக் கொள்கை ஒன்றும் காரணம் அன்று. மாதாந்திரப் பணம் போதவில்லை, மாமாவின் கடைசி நாட்கள் கண்ணில் நின்றன. அன்று என் நண்பர்கள் புகழ்ந்தது எதை என்பது பதினைந்து ஆண்டு கழித்து அந்த இரவில்தான் எனக்கு விளங்கியது. இதை இங்கே எழுத வேண்டுமா என்று தயங்கினேன். மற்றவர் தகப்பனைப் பற்றி எழுதிவிட்டு என் வீட்டை மறைப்பது நேர்மை ஆகாது.

தொடங்கும் வயதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் பெரிய அளவில் எடுத்த கணக்கெடுப்பொன்று 1997-இல் வெளியாயிற்று. பதினைந்து வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் தம் வாழ்நாளில் ஒரு காலத்தில் குடிக்கு அடிமையாயினர். இருபது வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் ஏறக்குறையப் பத்துப் பேர். அவசர சுபாவம் உடையவனே சிறு வயதில் தொடங்குகிறான் ஆதலால், வித்தியாசம் முழுவதற்கும் வயதே காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் மூளை முதிராத வயதில் மது படுவது தீது என்பதில் மருத்துவரிடையே வேறு அபிப்பிராயம் இல்லை. தமிழ்நாட்டில் இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது விதி. ஆனால் வீட்டுத் திருமணத்திலும் கோயில் கொடையிலும் பதினான்கு வயதுப் பையனுக்கு மாமன் முறையுள்ளவர் விளையாட்டாக ஊற்றிக் கொடுக்கும்பொழுது எந்த விதி குறுக்கே வரும்?

‘அந்த ஜாதியே அப்படி’ என்ற பேச்சும் நம்மிடையே உண்டு. அதற்கும் மரபணுவுக்கும் முடிச்சுப் போட இந்த ஆராய்ச்சிகளில் இடம் இல்லை. குடும்பம் என்பது வேறு. ஜாதி என்பது வேறு. எந்தத் தொழிலில் உடல் வலி அதிகம், எந்தத் தெருவுக்கு அருகில் கடை இருக்கிறது, கூலி எந்த நாளில் எப்படிக் கைக்கு வருகிறது என்பவற்றைப் பார்த்தாலே பெரும்பகுதி விளங்கிவிடும்.

இந்திய அரசின் சார்பில் எடுக்கப்பட்டு 2019-இல் வெளியான கணக்கின்படி, நம் நாட்டில் மது அருந்துவோர் சுமார் 16 கோடி. அவர்களில் 5.7 கோடிக்கு மேற்பட்டோர் குடியால் கேட்டுக்கும் அடிமைத்தனத்துக்கும் ஆளானவர்கள். அப்படி ஆனவரை என்ன செய்வது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரம்பரையாக வந்த நோய் ஆதலால் மருந்தில்லை என்று விட்டுவிடக் கூடாது. நீரிழிவும் குடும்பத்தில் வருவதுதான். அதற்கு நாம் வைத்தியம் பார்க்காமல் இருக்கிறோமா? நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி அறையில் பூட்டிவைப்பது ஆபத்து. வலிப்பும் சித்தப் பிரமையும் வந்து உயிர் போவதுண்டு. மருத்துவமனையில் சேர்த்தே நிறுத்த வேண்டும். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. 14446 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசி வழி கேட்கலாம். சென்னையில் திருமதி சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையில் நோயாளியோடு அவர் குடும்பத்தாருக்கும் பயிற்சி கொடுக்கின்றனர். கிராமங்களுக்கே சென்று முகாம் நடத்தும் முறையையும் அவர்கள் கையாண்டிருக்கின்றனர். நம் வட்டாரச் சங்கங்கள் இரண்டு மூன்று சேர்ந்து இத்தகைய முகாம் ஒன்றுக்கு இடமும் உணவும் ஏற்பாடு செய்ய முடியாதா என்று எனக்குத் தோன்றுகிறது. பொது நல நிதியில் ஆண்டுதோறும் செலவாகாமல் கிடக்கும் தொகை எவ்வளவு என்பதைத் தணிக்கை செய்யும் நான் அறிவேன்.

அடுத்த கூட்டத்தில் இவற்றையெல்லாம் சொன்னேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் நான் சொன்னது சரியா, தவறா?” என்றார். பாதி சரி ஐயா என்றேன். “பாதி சரியானால் பாதிக் கடன் கொடுக்கலாமா?” என்றார், எல்லோரும் சிரித்துவிட்டனர். சிரிப்பு அடங்கியபின் நான் சொன்னது இது. ஒருவனைப் பற்றி ஒன்றுமே தெரியாதபொழுது அவன் தகப்பனை வைத்து ஒரு மதிப்புப் போடலாம். அதுவும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பலிக்காத மதிப்பு. குடிநோய்க்கு ஆளாகிறவர்களில் பலர் இருபதுகளிலேயே அதன் பிடியில் வந்துவிடுகிறார்கள். இவருக்கு வயது முப்பத்திரண்டு. பத்து ஆண்டுக் கூலிக் கணக்கும் சேமிப்புப் புத்தகமும் நம் மேசைமேலேயே இருக்கின்றன. கையில் துணி இருக்கும்பொழுது நூலை நினைத்து விலை போடுகிறவர் உண்டா?

பெரியவர் ஆதரித்தும் கை தூக்கவில்லை, எதிர்த்தும் தூக்கவில்லை. மற்றவர்கள் ஒப்புக்கொண்டனர், கடன் வழங்கத் தீர்மானம் ஆயிற்று.

நான் வெளியே வந்தபொழுது மனுதாரர் திண்ணை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே பேசியது முழுவதும் சன்னல் வழியே அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். கடனைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “ஐயா, எனக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். அவர்கள் தாத்தாவைப் பற்றி இதுவரை வீட்டில் பேசியதில்லை. நம் குடும்பத்துக்கு இது ஆகாது என்று எந்த வயதில் சொல்ல வேண்டும்?” என்றார். மூத்தவனுக்கு என்ன வயது என்று கேட்டேன். வருகிற தை மாதம் பதினொன்று முடிகிறது என்றார். தை வரையில் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்கு நடந்தேன்.